முதல் சான்று கல்யாணப் பத்திரிகை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வாசகர் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். ஊரில் விவாகரத்து பெருகிவிட்டது, சேர்ந்து வாழ நினைப்பவர்களைக்கூட ஃபீஸுக்காக வக்கீல்கள் பிரித்து வைக்கிறார்கள் என்று வருத்தப்பட்டிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோர்ட்டுக்கு வெளியே நின்று பார்க்கிறவருக்கு அப்படித்தான் தோன்றும். நான் உள்ளே இருக்கிறவன். 1991இலிருந்து மதுரையில் ஒரு பெண் வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக வேலை பார்க்கிறேன். அவர் நடத்துவது பெரும்பாலும் குடும்ப வழக்குகள்தான். அந்த வேலை எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

மேடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இப்படி ஒரு கடிதம் எழுதப் போகிறேன் என்றதும், "என் பேரு வந்தா அது விளம்பரம் ஆயிரும். வக்கீல் விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு பார் கவுன்சில் விதியே இருக்கு. கட்சிக்காரங்க யாருன்னு தெரியாம எழுதுங்கண்ணே" என்றார். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்ன ரகசியத்தைக் காக்கும் கடமை, சாட்சியச் சட்டப்படி வக்கீலின் குமாஸ்தாவுக்கும் சேர்த்துத்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அந்தப் பிரிவை எனக்குப் படித்துக் காட்டியவர் அவர். அதனால் கீழே வருகிறவர்களின் ஊர், தொழில், வருடம் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். நடந்தது மட்டும் நடந்தபடி.

விவாகரத்து மனுவோடு என்ன என்ன தாக்கல் செய்வோம் என்று பலருக்குத் தெரியாது. பெரும்பாலும் முதல் ஆவணம் கல்யாணப் பத்திரிகைதான். கல்யாணம் நடந்தது என்று காட்டினால்தானே அதை ரத்து செய்யக் கேட்க முடியும்? நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையை வாங்கி, ஓரத்தில் ஓட்டை போட்டு, நூல் கோத்து வழக்குக் கட்டில் சேர்ப்பது என் வேலை. முப்பது வருடத்துக்கு மேலாகச் செய்கிறேன், இன்னமும் ஊசியைக் குத்தும்போது பெரியவர்கள் பெயர் இருக்கும் இடத்தை விட்டுத்தான் குத்துவேன். அதற்கு அடுத்த ஆவணம் தாலி கட்டும் போட்டோ. விசாரணை நாளில் பெஞ்ச் கிளார்க் அந்தப் பத்திரிகையில் மனுதாரர் தரப்புச் சான்றாவணம் ஒன்று என்று எண் போடுவார். பக்கத்தில் நிற்கிற பெண்ணோ பையனோ அப்போது அதைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பார்கள்.

ஆனால் மேடத்தின் வேலை அதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே தொடங்கிவிடும்.

முதல் தடவை ஒரு பெண் வரும்போது தனியாக வர மாட்டாள். அப்பா, அண்ணன், மாமா, சில சமயம் ஊர்த் தலைவர் என்று ஒரு வேன் நிறைய வருவார்கள். எல்லோரையும் திண்ணையில் உட்கார வைத்து டீ சொல்லச் சொல்வார் மேடம். அந்தப் பெண்ணை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். பையன் வந்தாலும் இதே கதைதான், அவனுடைய அம்மா வெளியேதான் இருக்க வேண்டும். கொஞ்ச நேரம் அந்தப் பெண் "நாங்க முடிவு பண்ணிட்டோம்", "எங்க வீட்ல வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்று பேசிக்கொண்டிருப்பாள். "நான்" என்று ஒரு வாக்கியம் வருகிற வரைக்கும் மேடம் பேனாவைத் திறக்க மாட்டார். ஒரு தடவை அதற்கு மூன்று நாள் ஆனது. மூன்றாவது நாள் அந்தப் பெண் சொன்ன முதல் "நான்" என்ன தெரியுமா? "நான் அவரோட போகணும் மேடம், எங்க அப்பாதான் விட மாட்டேங்கிறார்." அப்பா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், வக்காலத்துக்கான பணம் அவர் சட்டைப்பையில் இருக்கிறது. மேடம் வெளியே வந்து, "வழக்குப் போட முடியாதுங்கய்யா, உங்க பொண்ணுகிட்ட நீங்களே பேசுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த மனுஷன் எங்களைத் திட்டிக்கொண்டே படி இறங்கினார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் இதைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும். வழக்கு நம்பர் ஆனால்தான் அது எங்கள் ரிஜிஸ்டரில் ஏறும், கோர்ட் கணக்கிலும் வரும். இப்படித் திரும்பிப் போனவர்களுக்கு நம்பர் கிடையாது. கல்யாணமாகி நான்கு மாதம்கூட ஆகாமல் வந்து நிற்பவர்கள் எத்தனை பேர். இந்து திருமணச் சட்டம் 14ஆம் பிரிவு, கல்யாணம் ஆகி ஒரு வருடம் போகாமல் விவாகரத்துக்கு மனுப் போடக் கூடாது என்கிறது. தாங்க முடியாத கொடுமை என்றால் மட்டும் தனியாக அனுமதி கேட்கலாம். சிலர், "அந்த அனுமதியை வாங்கிக் குடுங்க, ஃபீஸ் கூட்டித் தர்றோம்" என்பார்கள். அடி, உதை, உயிர் பயம் என்று இருந்தால் மேடம் அன்றைக்கே மனு எழுதுவார். இல்லையென்றால், ஒரு வருடம் முடியட்டும் வாருங்கள் என்று அனுப்பிவிடுவார். அனுப்பியவர்களில் பாதிப் பேராவது திரும்பி வரவில்லை என்பது என் ஞாபகக் கணக்கு.

பஞ்சாயத்துப் பேசி, இருபது ரூபாய் பத்திரத்தில் "இனிமேல் நீ யாரோ நான் யாரோ" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இன்னொரு வகை. விடுதலைப் பத்திரம் என்பார்கள், அத்துவிட்டாச்சு என்பார்கள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அந்தச் சமூகத்தில் காலம் காலமாக அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று நிரூபித்தால் ஒழிய அந்தப் பத்திரம் செல்லாது. அதே இந்து திருமணச் சட்டத்தின் 29ஆம் பிரிவு வழக்கத்துக்கு இடம் தருகிறதே தவிர, நோட்டரி கையெழுத்துக்கு இடம் தரவில்லை. இதை நம்பி இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளையும் பெற்று, அரசு வேலையில் இருந்த புருஷன் இறந்ததும் குடும்ப ஓய்வூதியத்துக்குப் போய் நின்று திகைத்த ஒரு அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். முதல் மனைவி என்று ஒருவர் சட்டப்படி இருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. பத்திரத்தில் எழுதிவிட்டோமே என்று நினைப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த கல்யாணத்துக்கு நாள் பார்க்கும் முன்னால் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஐயர் வரவில்லை, அக்னி வளர்க்கவில்லை, அதனால் கல்யாணமே நடக்கவில்லை என்று ஒரு கணவர் பதில் மனுப் போட்டார். சுயமரியாதைத் திருமணம், மாலை மாற்றித் தாலி கட்டியது. மேடம் அதே சட்டத்தின் 7-ஏ பிரிவை எடுத்து வைத்தார். 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது நம் சட்டமன்றம் கொண்டுவந்த திருத்தம் அது. உறவினர், நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றினாலோ, தாலி கட்டினாலோ போதும். தலைமை தாங்கியவர் வயதான அரசியல் கட்சிக்காரர், கம்பு ஊன்றிக்கொண்டு வந்து கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார்.

இனி நகை. குடும்ப வழக்கு நடத்துவதில் ஒருவர் கெட்டிக்காரரா இல்லையா என்று எனக்குக் காட்டுவது நகைப் பட்டியல்தான். மனைவிக்கு வந்த சீதனம் மனைவியின் சொந்தச் சொத்து, கணவன் அதை வைத்திருந்தால் அது அவள் நம்பிக் கொடுத்த பொருளாகத்தான் இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 1985லேயே சொல்லிவிட்டது. சட்டம் தெளிவாக இருக்கிறது. எத்தனை பவுன் என்று எப்படிக் காட்டுவது? நம் ஊரில் நகைக் கடையில் முழுப் பில் வாங்கியவர்கள் குறைவு, எஸ்டிமேட் சிலிப்தான் இருக்கும், அதுவும் மை அழிந்து வெள்ளைத் தாளாகிவிடும். அப்போது மேடம் கேட்பது இரண்டு பொருள்: கல்யாண ஆல்பம், மொய் நோட்டு.

ஆல்பத்தை மேஜையில் விரித்து லென்ஸை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் போவார். நெக்லஸ், ஆரம், காசுமாலை, ஜிமிக்கி, வளையல் கைக்கு எத்தனை. நான் எழுதிக்கொண்டே வர வேண்டும். முகூர்த்தப் போட்டோவில் இருப்பதை ஒரு பத்தியிலும், ரிசப்ஷன் போட்டோவில் இருப்பதை இன்னொரு பத்தியிலும் எழுதச் சொல்வார். அப்புறம் அந்தப் பெண்ணிடம் மெதுவாக ஒரு கேள்வி. "இதுல இரவல் எதும்மா?" முகம் சுருங்கிவிடும். ஒட்டியாணம் பெரியம்மா வீட்டு நகை, ரிசப்ஷனுக்குப் போட்ட கல் செட் வாடகை. அதை எல்லாம் மேடம் அடித்துவிடுவார். கூட வந்தவர்கள், "இருக்கட்டும் மேடம், அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பார்கள். குறுக்கு விசாரணையில் ஒரு ஒட்டியாணம் பொய் என்று ஆகிவிட்டால், மிச்சம் இருக்கிற இருபத்திரண்டு பவுனும் பொய்யாகிப் போகும் என்று சொல்லி வாயை அடைப்பார். மொய் நோட்டில் தாய்மாமன் போட்ட சங்கிலியும், அத்தை போட்ட மோதிரமும் மண்டபத்தில் உட்கார்ந்து எழுதியவரின் கையெழுத்தில் அப்படியே இருக்கும். அந்த நோட்டை இத்தனை வருடம் கழித்துக் கோர்ட்டில் காட்டுவோம் என்று எழுதியவர் நினைத்திருக்க மாட்டார், அதனால்தான் நீதிபதி அதை நம்புகிறார்.

மொய் இன்னொரு வழக்கிலும் கைகொடுத்தது. நான் சேர்ந்த காலத்தில், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125ஆம் பிரிவில் ஜீவனாம்சம் கேட்டால் ஓர் ஆளுக்கு மாதம் 500 ரூபாய்க்கு மேல் போட முடியாது. 2001இல்தான் அந்த வரம்பை எடுத்தார்கள். வரம்பு போனதும் கணவர்களின் சம்பளம் குறையத் தொடங்கியது! எல்லோரும் திடீரென்று ஏழையாகிவிட்டார்கள். ஹார்டுவேர் கடை வைத்திருந்த ஒருவர் கூண்டில் ஏறி, கடை தம்பியுடையது, நான் அங்கே ஆறாயிரம் ரூபாய் சம்பளத்துக்கு இருக்கிறேன் என்றார். மேடம் கடையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் போனீர்களா என்று கேட்டார். போனேன். மொய் செய்தீர்களா? அந்த மனிதருக்கு ஊரில் மரியாதை முக்கியம், பின்னால் சொந்தக்காரர்கள் வேறு நிற்கிறார்கள். நிமிர்ந்து, "ஐயாயிரத்து ஒண்ணு" என்றார். மேடம் நீதிபதியைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். வேறு கேள்வி கேட்கவில்லை.

இப்போது அவ்வளவு சிரமம் இல்லை. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்கில் இரண்டு பேருமே சொத்து, வருமானம், கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், மனுப் போட்ட தேதியிலிருந்தே பணம் தர வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கு. மேடம் அந்தத் தீர்ப்பை அச்சுப் போட்டு மேஜைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறார். 2024 ஜூலையிலிருந்து 125ஆம் பிரிவு போய், புதிய சட்டத்தில் 144 ஆகிவிட்டது. வாய் இன்னும் 125 என்றுதான் சொல்கிறது.

ஜீவனாம்சத்தில் தீர்ப்பு வாங்குவது பாதி வேலைகூட இல்லை. பணம் வர வேண்டும். கட்டாத பாக்கிக்கு மனுப் போட்டால் வாரண்ட், அப்புறமும் தராவிட்டால் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. ஆனால் பணம் தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட்டாக வேண்டும், தாண்டினால் அந்தப் பாக்கிக்கு வாரண்ட் கேட்க முடியாது. இது தெரியாமல், "பொங்கலுக்குத் தர்றேன், தீபாவளிக்குத் தர்றேன்" என்ற பேச்சை நம்பி மூன்று வருடப் பாக்கியை விட்ட பெண்கள் எத்தனையோ பேர். எங்கள் அலுவலகத்தில் இதற்கென்றே ஒரு காலண்டர் உண்டு. ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் பத்தாவது மாதத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பேன். வட்டம் வந்ததும் மேடம் சொல்லாமலே போன் செய்துவிடுவேன். 1996இல் வந்த ஒரு அம்மாவுக்கு அவருடைய மகள் கல்லூரி முடிக்கிற வரைக்கும் வட்டம் போட்டேன். அந்த மகளின் கல்யாணப் பத்திரிகையும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. அதில் நான் ஓட்டை போடவில்லை, வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

நிரந்தர வேலையில் இருப்பவர் என்றால் சம்பளத்தையே பிடிக்கச் சொல்லி நிறைவேற்று மனுப் போடலாம். கடன்காரனுக்குப் பிடிப்பதைவிட ஜீவனாம்சத்துக்கு அதிகம் பிடிக்கச் சட்டம் விடுகிறது. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை அவருக்கு விட்டுவிட்டு மிச்சத்தைப் பிடிக்கலாம். இதைக் கேள்விப்பட்ட ஒருவர் எங்களிடமே வந்தார். வேலையை ராஜினாமா செய்துவிட்டால் ஜீவனாம்சம் தர வேண்டாம் அல்லவா, அதற்கு ஏற்ற மாதிரி ஒரு கடிதம் எழுதித் தாருங்கள் என்றார். மேடம் அவருடைய வழக்குக் கட்டை என்னிடம் கொடுத்து, "இதை அவர்கிட்டயே குடுத்துருங்க, வாங்கின அட்வான்ஸையும் குடுத்துருங்க" என்றார். அந்த மாதம் அலுவலக வாடகைக்கே இழுபறி, எனக்குத் தெரியும்.

ஆண்களுக்கும் மேடம் வழக்கு நடத்துகிறார், அதையும் சொல்ல வேண்டும். குழந்தையைப் பார்க்க விடாமல் ஒரு வருடமாக அலைந்த லாரி டிரைவருக்கு, மாதம் இரண்டு ஞாயிறு பார்க்கும் உத்தரவு வாங்கித் தந்தார். பெண்கள் புகார் எழுதும்போதும் கண்ணை மூடிக்கொண்டு எழுத மாட்டார். மாமியார், நாத்தனார், நாத்தனார் புருஷன், திருப்பூரில் இருக்கிற கொழுந்தன் என்று நீளப் பட்டியல் வரும். "கொழுந்தன் என்ன பண்ணினார்? எந்தத் தேதி? நீ எங்க இருந்த?" பதில் இல்லை என்றால் பேனாவால் ஒரு கோடு. அடித்தவன் பெயர் நிற்க வேண்டுமானால் அடிக்காதவன் பெயர் அதில் இருக்கக் கூடாது என்பார்.

அடி என்று வந்துவிட்டால் மேடத்தின் நடையே மாறிவிடும். முதலில் பெரியாஸ்பத்திரிக்குப் போ, யார் அடித்தது என்று டாக்டரிடம் உள்ளபடி சொல், ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் காயத்தை எழுதியதன் நகல்) வாங்கு. படியில் விழுந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லாதே. இதை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கு இல்லை. 2006 அக்டோபருக்கு முன்னால், அடித்து வெளியே தள்ளப்பட்ட பெண் திரும்ப அந்த வீட்டுக்குள் போய் இருக்கிறேன் என்று கேட்க நேரான வழி ஒன்றும் இல்லை. அம்மா வீட்டுக்குப் போ என்பார்கள், அம்மா இல்லாதவள் எங்கே போவாள்? குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அமலுக்கு வந்து, முதல் மனுவை நாங்கள் படிவத்தில் நிரப்பியபோது, வீட்டில் குடியிருக்கும் உரிமை என்ற வரியை மேடம் இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். பக்கத்தில் இருந்த பெண்ணுக்குப் புரியட்டும் என்றுதான் படிக்கிறார் என்று நினைத்தேன். அவருக்காகவும்தான் படித்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

பிள்ளைகளைப் பற்றி எழுத எனக்குத் தயக்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். பெரியவர்கள் உள்ளே பேசும்போது பிள்ளைகள் என்னிடம் இருப்பார்கள். பென்சில் கொடுத்து, டைப் அடித்துக் கெட்டுப்போன தாள்களின் பின்பக்கத்தில் படம் வரையச் சொல்வேன். ஒரு நாள் ஒரு பையன், இரண்டாம் வகுப்பு இருக்கும், யானை வரைந்து முடித்துத் தாளைத் திருப்பினான். எழுத்துக் கூட்டிப் படித்தான். அவனுடைய அப்பா பெயர் இருந்தது, அதற்கு அடுத்த வரியும் படித்தான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பென்சிலை மேஜையில் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான். அது என் தவறு. அன்று சாயங்காலமே மேடம் ஒரு கட்டு வெள்ளைத் தாள் வாங்கி வரச் சொன்னார், கெட்டுப்போன தாள்களைக் கிழித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். அன்றிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கில் பிள்ளையைக் கூண்டுக்குப் பக்கத்தில் கொண்டு வராமல் முடிக்க முடியுமா என்பதைத்தான் அவர் முதலில் பார்ப்பார்.

இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிவதை எல்லோரும் சுலபம் என்று நினைக்கிறார்கள். அதற்கு 1976லிருந்து இந்து திருமணச் சட்டத்தில் 13-பி பிரிவு இருக்கிறது. ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும், மனுப் போட்டபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். தகுந்த வழக்குகளில் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இடையில் ஒருவர் மனம் மாறிச் சம்மதம் இல்லை என்றாலே மனு விழுந்துவிடும். அதனால் பணமும் நகையும் எந்த நாளில் எவ்வளவு கை மாறும் என்று எழுதுவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு வழக்கில் மனுப் போட்ட அன்றைக்கே எதிர்த்தரப்பு டிடி (வங்கி வரைவோலை) எடுத்து அவர்கள் வக்கீலிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். ஆறு மாதம் கழித்து வாய்தா நாளில் நீட்டியபோது நான் தேதியைப் பார்த்தேன். டிடி மூன்று மாதம்தான் செல்லும். அந்தப் பெண் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டாள், மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எதிர்த்தரப்பு ஏமாற்ற நினைக்கவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லை. புது டிடி வந்த பிறகுதான் கையெழுத்து.

ஃபீஸைப் பற்றி அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கிடைக்கிற தொகையில் இத்தனை சதவீதம் என்று வக்கீல் பேசக் கூடாது, விதி அப்படி. அப்படிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால், ஆசிரியரின் கோபம் அவர்கள் மேல் நியாயம். மேடம் ஒரு தொகை சொல்வார், தவணையில் வாங்குவார், சில தவணைகள் வராது. இன்னொன்று. குடும்பநல நீதிமன்றச் சட்டம் 1984இல் வந்தபோதே, 13ஆம் பிரிவில், வக்கீல் வைத்துக்கொள்வதை யாரும் உரிமையாகக் கேட்க முடியாது என்று எழுதிவிட்டார்கள். கோர்ட் அனுமதித்தால்தான் நாங்கள் உள்ளே போகிறோம். சட்டம் நினைத்தது சரிதான் என்று மேடமே சொல்வார். அந்தச் சட்டத்தின் நோக்கம் சேர்த்து வைப்பது. கவுன்சிலிங் அறைக்குள் வக்கீல் போவதில்லை, வெளியே பெஞ்சில் இரண்டு பக்கத்து அம்மாக்களோடு உட்கார்ந்திருப்பார். உள்ளே பேசித் தீர்ந்ததை வெளியே இருக்கிற இரண்டு அம்மாக்களும் கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் ஒரு வேலை.

கடைசியாக உங்கள் பத்திரிகைக்கு இரண்டு விண்ணப்பம்.

மாவட்ட அளவில் நடக்கும் குடும்ப வழக்குகளின் விவரத்தைப் பெயரோடு சில பத்திரிகைகள் போடுகின்றன. இந்து திருமணச் சட்டம் 22ஆம் பிரிவுப்படி இந்த விசாரணைகள் மூடிய அறையில் நடக்க வேண்டியவை. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை அந்த நீதிமன்றத்தின் அனுமதியோடு போடலாம், மற்றபடி நடவடிக்கைகளை அச்சிடுவதே குற்றம். அபராதம் ஆயிரம் ரூபாய் வரைதான், பெரிதாக யாரும் பயப்பட மாட்டார்கள். ஆனால் செய்தியில் அப்பா பெயரைப் பார்த்து, பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்ற பிள்ளையை எனக்குத் தெரியும். நீங்கள் போடாதீர்கள்.

அடுத்தது, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசமாக வக்கீல் கிடைக்கும். 1987ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12ஆம் பிரிவு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். நகையை அடகு வைத்து ஃபீஸ் கொண்டு வரும் பெண்களிடம் மேடம் இதைச் சொல்லி, அந்த அலுவலகத்துக்கு என்னையே கூட அனுப்பி வைப்பார். பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. என் கடிதம் நீளமாகிவிட்டது, இடம் இல்லை என்றால் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், இந்தப் பத்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள். முடிந்தால் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். எங்களிடம் வருகிறவர்களில் பலர் டீக்கடையில் நின்றுகொண்டு பேப்பர் படிப்பவர்கள்.

இப்படிக்கு,
வழக்கறிஞர் குமாஸ்தா ஒருவர்,
மதுரை.